மட்கலக் கலையில் தனித்தன்மை: பஸ்ரா முதல் இஸ்னிக் வரை

இஸ்லாமிய உலகின் மட்கலங்களைப் பற்றிய கலை வரலாற்று நூல்களில் ஒரு கேள்வி வழக்கமாகிவிட்டது. ஒரு கிண்ணத்தை முன்னே வைத்ததும், இதன் வடிவம் எங்கிருந்து வந்தது, இதன் மேலுள்ள கோலம் எங்கிருந்து வந்தது என்று கேட்பர். வடிவத்துக்குச் சீனத்தையோ சாசானியரின் வெள்ளிக் கலத்தையோ காட்டுவர். கோலத்துக்குக் கிரேக்க, ரோமானியத் திராட்சைக் கொடியைக் காட்டுவர். கணக்கு முடிந்ததும் முஸ்லிம் குயவரின் கையில் எஞ்சுவது ‘நன்றாக அலங்கரித்தவர்’ என்ற பட்டம் ஒன்றே.

நம்மவர் எழுதும் கட்டுரைகளில் இதற்கு எதிரான வழக்கம் ஒன்று உண்டு. வெள்ளீயப் பூச்சு நம்முடையது, நீலக்கோலம் நம்முடையது, பொன்மினுக்கு நம்முடையது என்று ஒரு பட்டியலிட்டு, உலகம் நம்மிடமிருந்து பெற்றுக்கொண்டதாக முடிப்பர். பட்டியலில் உண்மை உண்டு. ஆயினும் முதல் சாராரும் இரண்டாம் சாராரும் ஒரே தராசைத்தான் கையில் வைத்திருக்கின்றனர். கலையின் தனித்தன்மையைப் பூர்வீகத்தைக் கொண்டு அளக்கும் தராசு அது. ‘முதலில் செய்தவர் யார்?’ என்ற வினாவுக்கு விடை கிடைத்தாலும், ‘செய்யப்பட்ட பொருள் நல்லதா, அதில் செய்தவரின் அறிவு எங்கே வெளிப்படுகிறது?’ என்ற வினா அப்படியே கிடக்கிறது.

வடிவம், மேற்பரப்பு ஆகிய இரண்டுக்கும் உள்ள உறவைக் கொண்டு தனித்தன்மையை அளக்க முடியுமா என்பதைச் சில கலன்களை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல் எது?

அரபு மொழி சுட்ட மண்ணுக்கு இரு சொற்களைக் கொண்டிருக்கிறது. பூச்சு ஏதுமின்றிச் சூளையில் சுட்டெடுத்த வெறுங்கலம் ‘ஃபக்கார்’. கண்ணாடிப் பூச்சுப் பெற்றுப் பளபளப்பது, இன்றைய வழக்கில், ‘கஸஃப்’. முதற்சொல் அல்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் மனிதப் படைப்பைக் கூறும் இடத்தில் வருவதை வாசகர்கள் அறிவர். ஃபக்கார் என்னும்போது நம் மனம் வனைந்த வடிவத்தை நினைக்கிறது. கஸஃப் என்னும்போது அதன் மேனி கண்முன் நிற்கிறது. குயவர் இரண்டையும் ஒரே பொருளில் சேர்க்க வேண்டியவர்.

முன்மாதிரி ஏதுமின்றிப் படைப்பது ‘அல்பதீஃ’ என்னும் திருநாமத்துக்குரிய அல்லாஹ்வுக்கே உரியது. மனிதனின் ஆக்கம் எப்போதும் ஏற்கெனவே இருப்பதிலிருந்து தொடங்குகிறது. ஆகவே, ‘இவர் பிறரிடமிருந்து எடுத்தாரா?’ என்று கேட்பதால் பயனில்லை, எடுக்காதவர் எவருமில்லை. எப்படி எடுத்தார் என்பதே கேட்கத்தக்கது. இதை நம் முன்னோர் கவிதையைப் பற்றி விரிவாகவே விவாதித்துள்ளனர். பஸ்ராவில் பிறந்து அங்கேயே ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868–869) மறைந்த ஜாஹிழ், கருத்துகள் யாவர்க்கும் பொது என்றும், சிறப்பு அவற்றை வார்த்தெடுக்கும் முறையில் உள்ளது என்றும் கருதினார். கவிதையை அவர் நெசவோடும் சித்திரத்தோடும் ஒப்பிட்டது கைவினையாளரின் மொழி. அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த அபூ ஹிலால் அல்அஸ்கரீ தம் ‘கிதாபுஸ் ஸினாஅதைன்’ நூலில் ‘ஹுஸ்னுல் அக்த்’, அதாவது ‘நல்ல முறையில் எடுத்துக்கொள்ளல்’, என்பதற்கென்றே தனிப்பகுதி வகுத்தார். முன்னோரிடமிருந்து எடுத்த கருத்துக்குத் தம் சொற்களால் புதிய உடுப்பு அணிவித்தவர் அதற்கு உரிமையாளர் ஆகிறார் என்பது அதன் சாரம்.

இந்த அளவுகோலை மட்கலத்துக்குக் கொண்டுவரும்போது ஒரு சோதனை கிடைக்கிறது. கலத்தின் மேலுள்ள கோலத்தை உரித்தெடுத்து, வேறொரு வடிவத்தின் மீதோ துணியின் மீதோ சுவரின் மீதோ ஒட்டினால் என்ன இழக்கிறோம்? ஒன்றும் இழக்கவில்லை என்றால், கோலம் எவ்வளவு அழகாயினும் அது அக்கலத்துக்கு விருந்தாளியே. பெரிதாக இழக்கிறோம் என்றால், வடிவமும் மேற்பரப்பும் ஒன்றுக்காக ஒன்று பிறந்துள்ளன. எடுத்துக்கொண்டது எடுத்தவரின் சொந்தமாகிவிட்டது.

பஸ்ராவின் வெண்கிண்ணம்

அப்பாசியர் காலத்தில் சீனப் பீங்கானுக்கு இருந்த மதிப்பை வரலாற்றாசிரியர் பைஹகீ தரும் செய்தி ஒன்று காட்டும். குராசானின் ஆளுநர் அலீ இப்னு ஈஸா, கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு அனுப்பிய காணிக்கைகளில் சீன அரசவைக்குரிய பீங்கான்கள் 20 இருந்தன. அதுவரை எந்தக் கலீஃபாவின் அவையிலும் அத்தகையவை காணப்பட்டதில்லை என்பது அவருடைய குறிப்பு. கடல்வழியே வந்தவையோ எண்ணற்றவை. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கண்டறியப்பட்ட கப்பல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் அரபு முறையில் அமைந்தது. அதில் சுமார் 60,000 சீனக் கலன்கள் இருந்தன. அவற்றுள் ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்கு உரிய தேதி பொறிக்கப்பட்டிருந்தது. இந்த வாணிபப் பாதை நம் கரையோரமாகவே சென்றது. இலங்கையின் மாந்தை அகழாய்வில் சீனக் கலச் சில்லுகளும் அப்பாசியக் கலச் சில்லுகளும் சேர்ந்தே கிடைத்துள்ளன.

இராக்கில் பாக்தாதுக்கு வடக்கே, 836 முதல் 892 வரை தலைநகராக விளங்கிய சாமர்ராவை 1911–1913இல் ஜெர்மானிய அறிஞர்கள் ஸார்ரேயும் ஹெர்ஸ்ஃபெல்டும் அகழ்ந்தபோது, சீன வெண்கலன்களும் அவற்றைப் போல உள்நாட்டில் செய்யப்பட்டவையும் வெளிவந்தன. அவ்வுள்நாட்டுக் கலன்களின் மண்ணைப் பின்னர் நுண்ணோக்கியில் ஆராய்ந்தோர், பஸ்ராவையே அவற்றின் பிறப்பிடமாகக் காட்டினர். ஜாஹிழ் எழுதிக்கொண்டிருந்த அதே ஊர், அதே நூற்றாண்டு.

பஸ்ராக் குயவரின் இடர்ப்பாட்டை எண்ணிப் பார்ப்போம். வட சீனத்தின் வெண்கலன் வெண்களிமண்ணால் ஆனது. மிக உயர்ந்த வெப்பத்தில் சுடப்பட்டு, உள்ளும் புறமும் ஒரே வெண்மையாய் இறுகியது. இராக்கின் வண்டல் மண் சுண்ணாம்பு மிகுந்தது. சுட்டால் மஞ்சள் படரும். சீனச் சூளையின் வெப்பத்தைத் தாங்காமல் உருகிவிடும். வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம். வளைந்த சுவர், சற்றே வெளியே மடிந்த விளிம்பு, தாழ்ந்த அடிவளையம் ஆகியவை திகிரியில் கைவந்தன. வெண்மையை மட்டும் எடுக்க இயலவில்லை. அதற்குக் குயவர் கண்ட வழி, காரீயக் கண்ணாடிப் பூச்சில் வெள்ளீயத்தைக் கலந்து, அடியிலுள்ள மண்ணின் நிறத்தை மறைப்பது. இந்த நுட்பத்தின் தொடக்கம் எகிப்திலும் சிரியாவிலும் 8ஆம் நூற்றாண்டிலேயே இருந்ததாக அண்மை ஆய்வுகள் கூறுகின்றன. அதை வெண்கிண்ணத்தின் மேனியாக ஆக்கியது இராக். அவ்வெள்ளீயத்தை அரபு நூல்கள் ‘கல்ஈ’ என்கின்றன. மலாய் தீபகற்பத்தின் ‘கலா’ துறைமுகத்தின் பெயரோடு அச்சொல்லை இணைப்பர். நம் தெருக்களில் பித்தளைப் பாத்திரத்துக்குக் ‘கலாய்’ பூச வந்தவர் வாயிலும் அதே சொல்தான் ஒலித்தது.

இங்கே நிகழ்ந்த மாற்றம் கூர்ந்து நோக்கத்தக்கது. சீனக் கிண்ணத்தின் வெண்மை அதன் உடல். பஸ்ராக் கிண்ணத்தின் வெண்மை ஒரு தோல். உடலாய் இருந்த வெண்மை தன்னளவில் நிறைவுற்றது. அதற்கு மேலும் எதுவும் தேவைப்படவில்லை. தோலாய் இருந்த வெண்மை ஒரு காகிதம்போல் முன்னே விரிந்தது. காகிதம் பாக்தாதில் பரவிக்கொண்டிருந்த காலம் அது. குயவர் கோபால்ட் நீலத்தைத் தொட்டு அந்தத் தோலின் மீது எழுதினார்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள 9ஆம் நூற்றாண்டுக் கிண்ணம் ஒன்றைச் சான்றாகக் கொள்வோம். குறுக்களவு ஏறத்தாழ 20 செ.மீ. வடிவம் முழுவதும் சீனம். நடுவில் நீல எழுத்தில் ‘ஃகிப்தா’ என்ற ஒரு சொல் இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. நீலம் வெண்பூச்சுக்குள் சற்றே ஊறி, எழுத்தின் ஓரங்கள் மென்மையடைந்துள்ளன. மிகுதியான பரப்பு வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அந்த வெறுமை சீனக் கிண்ணத்துக்குச் செலுத்தப்பட்ட மரியாதை. நடுவிலுள்ள சொல் செய்தவரின் குரல். கோலத்தை நெருக்கியிருந்தால் அரும்பாடுபட்டுப் பெற்ற வெண்மை வீணாகியிருக்கும். ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் அது இரண்டாந்தரச் சீனக் கிண்ணமாக மட்டும் நின்றிருக்கும்.

அச்சொல்லின் பொருள் ‘நற்பேறு’, உண்பவருக்கு வாழ்த்து. ஆனால் நம் ஒழுக்கவியல் நூல்களில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பிறரிடமுள்ள அருட்கொடை அவரை விட்டு நீங்க வேண்டும் என விரும்புவது ‘ஹஸத்’. அவரிடம் அது நிலைத்திருக்க, தனக்கும் அத்தகையது வாய்க்க வேண்டும் என விரும்புவது ‘ஃகிப்தா’. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) ‘இஹ்யா’வில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டி, முன்னதை விலக்கிப் பின்னதை அனுமதிக்கிறார். குயவர் இந்த இரண்டாம் பொருளை எண்ணி எழுதினார் என்று நாம் வாதிடவில்லை. ஆயினும், அக்கிண்ணம் நிகழ்த்திய செயலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அரபு அகராதியில் இல்லை. சீனத்தின் சிறப்பைக் கண்டு அதைக் குறைத்துப் பேசாமல், தன் மண்ணில் தன் வழியில் அத்தகையதொன்றை அடைய முயன்ற விருப்பம் அது. பலருடைய கலன்களில் ‘அமல்’ என்ற சொல்லோடு செய்தவரின் பெயரும் காணப்படுகிறது. வெறும் போலி செய்பவர் தம் பெயரை மறைப்பார். இவர்கள் தம் செயலுக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்றனர்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. பெலித்துங் கப்பலில் கோபால்ட் நீலக்கோலம் தீட்டிய சீனத் தட்டுகள் மூன்று கிடைத்தன. அவற்றின் கோலத்தில் மேற்காசியச் சாயலை அறிஞர்கள் காண்கின்றனர். 14ஆம் நூற்றாண்டில் யுவான் அரசின்கீழ் சீனத்தின் நீலப் பீங்கான் பெருகியபோது, அதற்குரிய கோபால்ட் முஸ்லிம் நாடுகளிலிருந்தே சென்றது. யார் முதல்வர் என்ற வழக்கு எவ்வளவு பயனற்றது என்பதற்கு இதுவே போதும்.

பொன்மினுக்கும் ஒரு தவறான விளக்கமும்

பஸ்ராவின் இரண்டாவது சாதனை, அரபியில் ‘அல்பரீக் அல்மஅதனீ’ எனப்படும் உலோகப் பொலிவு. ஒருமுறை சுட்டு முடித்த வெண்பூச்சின் மீது வெள்ளி, செம்பு ஆகியவற்றின் சேர்மங்களைத் தீட்டி, புகை மிகுந்த தணிந்த சூட்டில் மீண்டும் சுடுவர். உலோகத்தின் மிக நுண்ணிய துகள்கள் பூச்சில் படிந்து ஒளியைத் திருப்பும். எகிப்திலும் சிரியாவிலும் கண்ணாடிக் கலன்களில் 8ஆம் நூற்றாண்டிலேயே கையாளப்பட்ட இந்நுட்பத்தை மட்கலத்துக்குக் கொண்டுவந்தது 9ஆம் நூற்றாண்டு இராக். இன்றைய துனீசியாவில், கைரவான் பெரிய பள்ளிவாசலின் மிஹ்ராபைச் சுற்றியுள்ள ஓடுகள் அதன் பழஞ்சான்றுகள்.

இதற்கு ஒரு விளக்கம் நூலுக்கு நூல் திரும்பச் சொல்லப்படுகிறது. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதை நபிமொழி தடுத்ததால், அதற்கு மாற்றாகப் பொன்போல் மின்னும் மண்பாத்திரத்தைச் செய்தார்களாம். இதை நாம் ஏற்கத் தயங்குகிறோம். அத்தடை நபி (ஸல்) அவர்களின் காலத்தது. பொன்மினுக்குக் கலமோ அதற்கு இரு நூற்றாண்டுகள் பிந்தியது. இடைப்பட்ட காலத்து மௌனத்துக்கு இவ்விளக்கத்தில் விடையில்லை. அதைவிட வலுவான சான்று கலன்களிடமே உள்ளது. தொடக்ககாலப் பொன்மினுக்குக் கலன்கள் பொன்னைப் போலவே இல்லை. செம்மணி நிறம், பழுப்பு, மஞ்சள், பச்சை கலந்த பழுப்பு எனப் பல வண்ணங்கள் ஒரே கலத்தில் விளங்குகின்றன. தட்டைச் சாய்க்கச் சாய்க்க நிறம் மாறுகிறது. பொன்னுக்குப் போலி செய்ய விரும்பியவர் இவ்வழியில் சென்றிருக்க மாட்டார். ஒரு கலையைத் தடைக்கு அஞ்சிய தந்திரமாகக் காட்டும் இவ்விளக்கம், சட்டத்துக்கும் நீதி செய்யவில்லை, கலைக்கும் நீதி செய்யவில்லை.

அதே வேளையில், இப்பலவண்ணக் கலன்கள் அனைத்தையும் புகழ நம்மால் இயலாது. பலவற்றில் பரப்பு முழுவதும் புள்ளிகளாலும் கட்டங்களாலும் சிறகு இலைகளாலும் இட்டு நிரப்பப்பட்டிருக்கிறது. கிண்ணத்தின் வளைவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைக் கண் அறிய முடியவில்லை. புதிய நுட்பம் கைவந்த மகிழ்ச்சியில் வடிவம் மறக்கப்பட்டது. அருகிலேயே செய்யப்பட்ட நீலவெண் கிண்ணம் அடைந்த அடக்கம் இவற்றில் இல்லை. நுட்பத்தின் புதுமை வேறு, கலையின் தனித்தன்மை வேறு என்பதற்கு ஒரே ஊரின் இவ்விரு வகைக் கலன்களே சாட்சி.

நைசாபூரின் எழுத்துக் கலம்

நாம் கூறிய சோதனையில் முழுமையாகத் தேறுபவை, சாமானியர் ஆட்சிக்காலத்தில் நைசாபூரிலும் சமர்கந்திலும் வனையப்பட்ட எழுத்துக் கலன்கள். மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தார் 1935 முதல் 1940 வரையும் மீண்டும் 1947இலும் நைசாபூரில் அகழாய்வு செய்தனர். அங்குக் கிடைத்த மட்கலங்களைப் பற்றி சார்லஸ் வில்கின்சன் எழுதிய பெருநூல் 1973இல் வெளியாயிற்று.

இக்கலன்களின் மண் சிவப்பு. அதன் மேல் வெண்ணிற மண்குழம்பு பூசி, அதன்மீது கறுப்பு அல்லது கரும்பழுப்பில் எழுதி, எல்லாவற்றின் மேலும் ஒளிபுகும் காரீயக் கண்ணாடிப் பூச்சிட்டுச் சுட்டனர். காரீயப் பூச்சின்கீழ் வண்ணம் ஒழுகிக் கலைந்துவிடும் என்பது குயவர் அனைவருக்கும் தெரிந்த தொல்லை. நைசாபூர், சமர்கந்துக் குயவர்கள் வண்ணத்தை மெல்லிய களிமண்ணோடு குழைத்துத் தீட்டியதால் அது நிலைபெயராமல் நின்றது. பஸ்ராவின் நீல எழுத்து ஓரம் கசிந்து மென்மையுற்றது. நைசாபூரின் எழுத்தோ கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக நிற்கிறது. கூஃபி எழுத்தின் நேர்கோடுகளுக்கு அந்தக் கூர்மை இன்றியமையாதது.

மெட்ரோபாலிடனில் உள்ள ஒரு பெருங்கிண்ணத்தின் குறுக்களவு 45.7 செ.மீ. உயரம் 17.8 செ.மீ. காலம் 10ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 11ஆம் நூற்றாண்டு. சிறிய அடியிலிருந்து சுவர் ஏறத்தாழ நேர்கோடாகச் சாய்ந்து விரிகிறது. அச்சுவரில் ஒரே ஒரு வரி, வட்டமாக ஓடுகிறது. செயலுக்கு முன் திட்டமிடுதல் பின்னர் வரும் வருத்தத்திலிருந்து காக்கும் என்னும் பொருளுடைய முதுமொழியும் வாழ்த்தும் அதில் உள்ளன. அலிஃபும் லாமும் ஆரக்கால்களைப் போல் நீண்டு, சுவரின் உயரத்தையே தம் உயரமாகக் கொண்டுள்ளன. கிடைக்கோடுகள் வட்டத்தோடு வளைகின்றன. வேறு கோலம் எதுவுமில்லை.

இந்த எழுத்தை உரித்தெடுத்துக் காகிதத்தில் ஒட்டிப் பார்ப்போம். ஆரக்கால்கள் இணைகோடுகள் ஆகிவிடும். வட்டம் நேர்வரி ஆகிவிடும். தொடக்கமும் முடிவும் பிரிந்து நிற்கும். இழப்பு பெரிது. சுவரின் சாய்வு எழுத்தின் நீளத்தை நிர்ணயித்தது. எழுத்தின் தேவை சுவரை நேராக விரியச் செய்தது. மேலும் இக்கலத்தைப் படிக்க விரும்புவோர் அதைச் சுழற்ற வேண்டும், அல்லது தாம் சுற்றிவர வேண்டும். திகிரியில் சுழன்று பிறந்த பொருள், படிக்கும்போது மீண்டும் சுழல்கிறது. திட்டமிடுதலைப் போற்றும் முதுமொழி, எழுத்துகளை முன்கூட்டியே அளந்து வைக்காவிட்டால் வட்டத்துக்குள் அடங்காது என்பதையும் கருதுக. பொருளும் எழுத்தும் வடிவமும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கின்றன.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள இன்னொரு தட்டு, கல்வி தொடக்கத்தில் கசந்து முடிவில் தேனினும் இனிக்கும் என்கிறது. உண்கலத்தின் மீது சுவையைப் பற்றிய முதுமொழி! இதை எழுதியவர் தம் எழுத்து எதன்மேல் அமர்கிறது என்பதை நன்கறிந்தவர்.

இதே வட்டாரத்தில் இவற்றின் நிழல்களும் உண்டு. ‘பரக்கத்’, ‘யும்ன்’ போன்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி, நாளடைவில் எழுத்தின் உருவம் தேய்ந்து, படிக்க இயலாத கோடுகளாகிவிட்ட கலன்கள் ஏராளம். இவற்றைச் சரிவு என்று சிலர் தள்ளுகின்றனர். எளிய வீடுகளுக்கும் எழுத்தின் சாயல் சென்றடைந்த சான்று என வேறு சிலர் மதிக்கின்றனர். சமூக வரலாறு என்ற வகையில் இரண்டாம் கருத்தோடு நாம் உடன்படுகிறோம். கலை என்ற வகையில் முதற்கருத்தே சரி. சொல் சொல்லாக இல்லாதபோது, வட்டத்துக்கும் அதற்கும் இருந்த உரையாடல் நின்றுவிடுகிறது.

ஒளியைத் தேடிய சுவர், ஒளி தராத விளக்கு

12ஆம் நூற்றாண்டில் ஈரானியக் குயவர்கள் சீனத்தின் இன்னொரு சிறப்பை நாடினர். பீங்கானின் மெல்லிய சுவர் வழியே ஒளி ஊடுருவும். வெள்ளீயப் பூச்சால் அதை அடைய இயலாது. எனவே உடலையே மாற்றினர். அரைத்த வெண்கல், கண்ணாடித் தூள், சிறிது வெண்களிமண் சேர்ந்த புதிய கலவை பிறந்தது. காஷானின் புகழ்பெற்ற குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் ஹிஜ்ரி 700இல் (கி.பி. 1301) எழுதிய நூலில் இதன் அளவை வைத்துச் சென்றார்: வெண்கல் பத்துப் பங்கு, கண்ணாடித் தூள் ஒரு பங்கு, களிமண் ஒரு பங்கு. தொழில் நுட்பத்தைக் குடும்பத்துக்குள் வைத்துக் காத்த காலத்தில் இத்தகைய எழுத்து அரிது.

இக்கலவையால் சுவர் மெலிந்தது. ஆயினும் சீனப் பீங்கான் அளவுக்கு ஒளி புகவில்லை. அப்போது சிலர் செய்தது வியக்கத்தக்கது. ஈரச் சுவரில் சிறு துளைகளை வரிசையாக இட்டு, அவற்றைக் கண்ணாடிப் பூச்சாலேயே மூடிச் சுட்டனர். நீர் ஒழுகாது, ஒளி மட்டும் புள்ளி புள்ளியாக உள்ளே வரும். இங்கே கோலம் என்பது சுவரில் இல்லாத இடம். மேற்பரப்பையும் வடிவத்தையும் பிரித்துக் காட்டவே இயலாது. சீனத்திடமிருந்து எடுத்தது ஒளி ஊடுருவும் கலம் என்ற ஆசை மட்டுமே. அதை அடைந்த வழி முற்றிலும் அவர்களுடையது. ‘ஹுஸ்னுல் அக்த்’ என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

இதற்கு எதிர்முனையில் உஸ்மானியரின் இஸ்னிக் நகரம் செய்த ஒரு புகழ்பெற்ற பொருளை வைக்கிறோம். ஜெரூசலத்தின் குப்பத்துஸ் ஸக்ராவிலிருந்து வந்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பள்ளிவாசல் விளக்கு அது. ஹிஜ்ரி 956 (கி.பி. 1549) என்ற ஆண்டு அதில் உள்ளது. நீலமும் நீலப்பச்சையும் விளங்கும் அதன் வண்ணங்களும் எழுத்துப் பட்டைகளும் போற்றத்தக்கவை. ஆனால் வடிவம்? அது மம்லூக்கியர் காலத்துக் கண்ணாடி விளக்கின் வடிவம். கண்ணாடி விளக்கில் எழுத்துகளின் பின்னே சுடர் எரிந்து அவற்றை ஒளிரச் செய்யும். மண்விளக்கின் சுவர் ஒளியை வெளியே விடாது. விளக்கின் வடிவத்தில் ஒளியற்ற ஓர் அணிகலன் தொங்குகிறது. வடிவம் எடுக்கப்பட்டது, அவ்வடிவத்தின் காரணம் எடுக்கப்படவில்லை.

இஸ்னிக்கின் தட்டுகளையும் இவ்வாறே நோக்க வேண்டும். தொடக்கத்தில் மிங் காலத்துத் திராட்சைக் குலைத் தட்டுகளை நெருங்கிப் பின்பற்றினர். பின்னர் துலிப்பும் கார்னேஷனும் அத்தட்டுகளில் பூத்தன. இவற்றின் கோலம் பெரிதும் அரசவை ஓவியக்கூடத்தில், காகிதத்தில், பிறந்தது. பட்டிலும் சுவரிலும் தட்டிலும் அதே மலர்கள். விளிம்பருகே ஒரு புல்திட்டிலிருந்து செடி மேல்நோக்கி வளர்வதால், வட்டத் தட்டுக்கு மேல், கீழ் என்ற திசை வந்துவிட்டது. அது வட்டத்தைச் சித்திரத்தின் சட்டமாக்கிவிடுகிறது. நம் சோதனையில் இக்கோலங்கள் பாதியளவே தேறும்.

எஞ்சிய பாதியையும் சொல்லிவிடுவது நேர்மை. இஸ்தான்பூலின் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலில், 1560களில், அதே மலர்கள் தட்டையான சுவரில் நிற்கும்போது தம் வீட்டை அடைந்தவைபோல் விளங்குகின்றன. அத்துடன், 1550களில் இஸ்னிக் கண்டடைந்த தக்காளிச் சிவப்பு, செம்மண்ணைத் தடிப்பாகத் தீட்டுவதால் பெறப்படுவது. பூச்சின்கீழ் அது மேடாக எழுந்து நிற்கும். விரலால் தடவி உணரலாம். இங்கே வண்ணமே ஒரு சிறு வடிவமாகிவிட்டது. இதைத் துணிக்கு மாற்ற இயலாது. இஸ்னிக்கின் தனித்தன்மையை அதன் கலவடிவங்களில் தேடுவோர் ஏமாறுவர். சுவரிலும் அந்தச் சிவப்பின் மேட்டிலும் தேடுவோர்க்கு அது கிடைக்கும்.

நம் சுவர்கள்

இவ்வாராய்ச்சியால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நம் ஊர்களில் பள்ளிவாசல்கள் புதுப்பிக்கப்படும்போது, மிஹ்ராபைச் சுற்றி ‘இஸ்லாமியக் கோலம்’ வேண்டும் என்று நிர்வாகத்தினர் விரும்புகின்றனர். விருப்பம் நல்லது. ஆனால் பல இடங்களில் பதிக்கப்படுவது, துருக்கிய ஓட்டின் படத்தை இயந்திரத்தில் அச்சிட்ட தொழிற்சாலை ஓடு. அதில் சிவப்பு மேடாக நிற்பதில்லை. மேட்டின் நிழல்கூடப் படமாக அச்சிடப்பட்டிருக்கிறது. சுவரின் அளவுக்குக் கோலம் வகுக்கப்படாமல், ஓட்டின் அளவுக்குச் சுவர் நிரப்பப்படுகிறது. மூலையில் கொடி பாதியில் அறுபடுகிறது. சில வேளை திருவசனத்தின் எழுத்தும் அறுபடுகிறது. இதைத் ‘தக்லீத்’ என்று சொல்வதும் மிகை. தக்லீதில் பின்பற்றப்படுபவரை அறிந்த ஒருவராவது இருப்பார்.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கல்பள்ளிவாசல்களைக் கட்டியோர் வேறு வழியில் சென்றனர். இம்மண்ணின் கல்தச்சரின் தூண் வடிவத்தை எடுத்துக்கொண்டனர். உருவங்களை விலக்கி, மலரையும் கொடியையும் அத்தூணின் முகப்புக்கேற்ப அமைத்தனர். பஸ்ராக் குயவர் சீனக் கிண்ணத்திடம் நடந்துகொண்ட அதே முறைதான் இது. அத்தூண்களின் மேல் பளபளக்கும் ஓட்டைப் பதிப்பது அழகுபடுத்தல் ஆகாது.

அரபுக் கல்லூரிகளில் பலாகா பாடம் நடத்தும் நமக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. ஓர் உவமை எங்கிருந்து எடுக்கப்பட்டது, எடுத்தவர் அதை மேம்படுத்தினாரா கெடுத்தாரா என்று மாணவர்க்கு நாம் நாள்தோறும் கற்பிக்கிறோம். அதே கண்ணைக் கொண்டு ஒரு கிண்ணத்தையோ சுவரையோ பார்க்கச் சொல்வதில்லை. நைசாபூர்க் கலன்களின் வாசகங்களை ஈரானிய அறிஞர் அப்துல்லாஹ் கூசானீ போன்றோர் படித்துத் தொகுத்திருக்கின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை நம் மூன்றாமாண்டு மாணவர் பொருள் கூறக்கூடிய எளிய அரபு. கூஃபி எழுத்தைப் பிரித்தறியச் சில நாள் பயிற்சி போதும். இரண்டு கலன்களின் படங்களை வகுப்பில் வைத்து, இதில் எடுத்தது எது, எடுத்தவர் செய்தது எது என்று கேட்டுப் பழக்கினால், அம்மாணவர் நாளை ஒரு பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமரும்போது ஓட்டின் விலையோடு இன்னொரு கேள்வியையும் கேட்பார்: இந்தக் கோலம் இந்தச் சுவருக்காகப் பிறந்ததா?